முதல் வண்டியில் ஏறியவர்கள்

பேய்ச் சுரங்கம் என்ற சவாரியை மூடிவிட்டு அதே இடத்தில் ஆழ்கடல் அரண்மனை வரப்போகிறது என்று பொழுதுபோக்குப் பூங்கா அறிவித்த மறுநாள் காலையில், சுரங்கத்துக்குள் கடல் வர ஆரம்பித்தது. முதல் நாள் தண்டவாளம் மட்டும் நனைந்திருந்தது. மூன்றாம் நாள் கணுக்கால் அளவு. ஏழாம் நாள் முழங்காலைத் தொட்டது. நிஜக் கடல் அங்கிருந்து ரயிலில் ஒன்றரை நாள் தூரம். குழாய் ரிப்பேர்காரர் வந்து தரையைத் தட்டிப் பார்த்தார், சுவரில் காது வைத்துப் பார்த்தார், கடைசியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீருக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை, தன் வேலை நல்ல தண்ணீரோடு முடிந்துவிடுகிறது என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சவாரியின் பராமரிப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. பதினெட்டு வயதில் சக்கரங்களுக்கு எண்ணெய் விடச் சேர்ந்து, இருபத்தாறு வருடத்தில் பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தவள். எந்திரத்தை நம்பாமல் ஒவ்வொரு நட்டையும் தன் கையால் முறுக்கிப் பார்ப்பதால் எல்லோரும் நட்டக்கா என்றார்கள். நட்டு கழன்றவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லவும் அந்தப் பெயர் வசதியாக இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். முந்நூற்றுப் பத்து மீட்டர் பாதை, ஆறு வண்டி, வண்டிக்கு நான்கு பேர், உள்ளே போய் வெளியே வர நான்கு நிமிடம் பத்து விநாடி. சக்கரச் சத்தத்தை வைத்தே வண்டி எந்த வளைவில் திரும்புகிறது என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பெற்றவர்கள் இருவரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. வீட்டில் தனியாக விட மனம் வராமல், பள்ளி விட்டதும் நேராகப் பூங்காவுக்கு வரச்சொல்லி, காலியாகப் போகிற வண்டியில் உட்கார வைத்தாள். மூன்றாம் வளைவில் ஒரு பொம்மை இருந்தது. கையில் லாந்தர் பிடித்த சுரங்கக் கிழவர்; விளக்குக்காரர் என்பார்கள். வண்டி வந்ததும் விளக்கை உயர்த்தித் தலையைத் திருப்பிப் பார்ப்பார். தம்பி பரீட்சை மார்க்கை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அக்காவிடம் சொல்வான். இப்போது முப்பத்தேழு வயதில், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனாகவும், பேய்ச் சுரங்க ரசிகர் மன்றத்தின் தலைவனாகவும் இருந்தான். நடிகனுக்கு மன்றம் வைப்பார்கள், பொம்மைக்கு வைத்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று அக்கா கேலி செய்வாள். மன்றத்தில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. முந்தின மாலை தம்பி சாப்பிட்டுக்கொண்டே மன்றத்தின் இணையப் பக்கத்தில் வந்த ஆசைகளை வாசித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்ததும் ஒரு திமிங்கிலம் மூச்சு விடுவது கேட்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். காலையில் அவள் கதவைத் திறந்தாள். இருட்டுக்குள் ஏதோ பெரிதாக ஒன்று மூச்சை இழுத்து, நிதானமாக விட்டது. அதற்கு மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஆக்டோபஸ், எட்டுக் கையையும் எட்டுப் பொத்தானில் வைத்து உட்கார்ந்திருந்தது. அதையும் ஒருத்தர் கேட்டிருந்தார். ரசிகர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அது உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவள் மேலாளரிடம் சொன்னாள். அவர் மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு, அரண்மனை கட்ட வந்திருந்த தச்சர்களையும் வர்ணக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் பாதிப் படம் ஒன்றை வெளியிட்டார்: ஒரு தூணின் அடிப்பகுதி, ஒரு வாலின் நுனி, ஒரு கதவின் நிழல். மீதியை ரசிகர்கள் மனதில் வரைந்துகொள்ள, செவ்வாய்க்கிழமை காலையில் அது முழுசாக உள்ளே நின்றது. இவ்வளவு கச்சிதமான வேலைக்காரர்களைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மேலாளர் சொன்னார். நட்டக்காவுக்குத்தான் ஒரு கேள்வி இருந்தது. வரைபடமே இல்லாத ஒன்றை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? முன்னைவிடப் பெரிசாக இருக்கும் என்று எல்லோரும் நம்பியதால் பாதை வேறு நீண்டுகொண்டே போனது. அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தினமும் காலையில் நடப்பாள். முந்நூற்று நாற்பது. தொள்ளாயிரம். இரண்டாயிரத்து நூறு. கட்டடம் வெளியே ஒரு சாண்கூட வளரவில்லை.

நல்லதை எதிர்பார்க்கிறவர்கள் மட்டுமா ரசிகர்கள்? இவர்கள் எப்படியும் சொதப்பத்தான் போகிறார்கள் என்று அடித்துச் சொல்கிற கூட்டமும் மன்றத்தில் இருந்தது. அவர்கள் வாக்கும் பலித்தது. சாயங்காலம் முறுக்கிவிட்டுப் போன நட்டு காலையில் கையோடு வந்தது. புதுச் சங்கிலியில் விரல் கனத்துக்குத் துரு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினாள், தேய்த்தாள், மாற்றினாள். ஆள் ஒருத்தி, எதிரே ஆயிரக்கணக்கான அவநம்பிக்கை. கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

தம்பியும் மன்றமும் மேலாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், விளக்குக்காரரை மட்டும் விட்டுவையுங்கள். பதினேழு கடிதம் போட்டார்கள். பதில் சொல்லாமல் இருந்தால்தான் எதிர்பார்ப்பு உலை போலக் கொதிக்கும் என்று மேலாளர் நினைத்தார். திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பழைய பொம்மைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற படம் ஒன்று எப்படியோ வெளியே வந்தது. லாந்தர் பிடித்த கை மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கையோடு தம்பி மன்றத்தில் எழுதினான்: விளக்குக்காரர் இல்லாத சவாரி விளங்கவே விளங்காது, முதல் நாள் முதல் வண்டியில் ஏறுகிறவர்கள் தலைகீழாகத்தான் வெளியே வருவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டாயிரம் பேர் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் நட்டக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோனபோது, இரண்டாவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளம் தரையை விட்டு எழும்பியிருந்தது. சுவரில் ஏறி, ரிப்பன் போல முறுக்கிக்கொண்டு, கூரையோடு போயிற்று. அவள் ஆட்களைக் கூட்டி வந்து அந்தத் துண்டை அறுத்தெடுத்து நேராகப் போட்டாள். அடுத்த நாள் பழையபடி முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை அறுத்தாள். நான்காம் தடவை அறுக்கக் கை வரவில்லை; கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

"எழுதினதை எடுத்துடு" என்றாள், நின்றபடியே.

"அன்னைக்கே எடுத்துட்டேன்க்கா. எடுத்ததுக்கு அப்புறம்தான் பேச்சே அதிகமாச்சு. உண்மையா இருக்கப்போய்த்தான் எடுத்துட்டான்னு சொல்றாங்க."

"அப்ப நல்லபடியா நடக்கும்னு எழுது."

அதையும் எழுதிப் பார்த்துவிட்டானாம். மேலாளரிடம் விலை போய்விட்டான் என்று அவனைத் திட்டினார்களே தவிர ஒருத்தரும் நம்பவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊரை விடு. நீ நம்புறியா?"

தம்பி கையிலிருந்த லென்ஸைத் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடி துடைத்தான். "இல்லக்கா. நானும் முயற்சி பண்றேன். வரல."

மேலாளரிடம் போய்க் கையெழுத்துப் போட மாட்டேன், திறப்பைத் தள்ளிவையுங்கள் என்றாள். அவருக்கும் அந்த நாலைந்து நாளில் முகம் கறுத்துப்போயிருந்தது. கூரையில் ஓடும் தண்டவாளத்தை அவரும் போய்ப் பார்த்திருந்தார். "தள்ளிவைக்கலாம்மா. தள்ளிவெச்சா அதுக்குள்ள இன்னும் என்னென்ன எதிர்பார்ப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏற்கெனவே மன்றத்தில் ஒருத்தர், வண்டி உள்ளே போகும், வெளியே வராது என்று எழுதிவிட்டார். அதற்கு அதுவரை நாற்பது பேர்தான் தலையாட்டியிருந்தார்கள். நாற்பது நாலாயிரமாக எத்தனை நாள் ஆகும்?

இரண்டு நாள் அவள் அந்த வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தாள். முதல் நாள், முதல் வண்டி, ஏறுகிறவர்கள், தலைகீழாக. இரண்டாம் வண்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சாவார்கள் என்றும் இல்லை. வருவார்கள் என்றுதான் இருக்கிறது. நடக்கப்போவது நடந்து முடிந்துவிட்டால் அதை யாரும் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. முதல் வண்டியின் கூரையைக் கழற்றினாள், இருக்கைக்கு இரட்டைப் பெல்ட் போட்டாள், மிதவைச் சட்டை ஒன்றை எடுத்துவைத்தாள். சான்றிதழில் முதல் வண்டியை அடித்துவிட்டு, இரண்டாம் வண்டியிலிருந்து செல்லும், அதுவும் முதல் வண்டி திரும்பிய பிறகு, என்று எழுதி வைத்தாள். முதல் வண்டியில் யார் போவது என்று மேலாளர் கேட்டபோது, வேற யாரு என்றாள்.

திறப்பு நாளன்று வாசலில் கூட்டம் சாலையைத் தாண்டி நின்றது. ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி கம்பியைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இறங்குடா என்றாள். எழுதினவன் நான், நீ இறங்கு என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டி, அவன் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்து, வண்டியை விடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, வண்டி எங்கே திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பவழ வாசல் ஒன்று போயிற்று. திமிங்கிலம் இருட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து வழி விட்டது. தண்ணீருக்குள் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கிட்டே வந்ததும் பார்த்தார்கள். கழுத்தளவுக் கடலில் விளக்குக்காரர் நின்றார், லாந்தர் தண்ணீருக்குள் அணையாமல் எரிந்தது. லாரியில் போனவர் போனவர்தான். இவரை நாற்பதாயிரம் பேர் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் விளக்கை உயர்த்தித் தலையைத் திருப்பினார்.

"இருக்காருக்கா" என்றான் தம்பி.

அவள் பதில் சொல்வதற்குள் தண்டவாளம் எழும்பியது. சுவர் அடியில் வந்தது, அப்புறம் கூரை அடியில் வந்தது. பெல்ட் தோளை அறுத்தது. ரத்தம் தலைக்கு இறங்கிக் காதில் இரைந்தது. கீழே கடல் கறுப்பாகத் தளும்பியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தம்பியின் கையைத் தேடிப் பிடித்தாள். கை இறுகாமல், மடியில் வைத்த கை போலத் தளர்வாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான். முடி கலையவில்லை, மூக்குக்கண்ணாடி விழவில்லை, பெல்ட் துவண்டு கிடந்தது.

"நீ ஏன்க்கா தொங்குற?" என்று கேட்டான்.

வெளியே ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆயிற்று. மேலாளர் மூன்று தடவை கதவுவரை போய்த் திரும்பினார். கடைசியில் நடைமேடையின் கூரையோரமாகச் சக்கரங்கள் மேலே இருக்க வண்டி வந்து நின்றது. ஏணி போட்டு நட்டக்காவை அவிழ்த்து இறக்கினார்கள்; கழுத்து பிடித்துக்கொண்டது, மற்றபடி ஒன்றுமில்லை. தம்பியின் பெல்ட்டை அவிழ்த்தபோது அவன் இறங்கவில்லை. கூரையில் எழுந்து நின்று கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். முப்பத்தெட்டாயிரம் பேர் சொன்னது நடந்துவிட்டதால், அடைத்திருந்த மூச்சு கூட்டம் முழுக்க ஒன்றாக வெளியே வந்தது. நட்டக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் வண்டியை ஒரு மணி நேரம் சோதித்தாள். ஒரு நட்டுகூடக் கழலவில்லை. அன்று போன வண்டிகள் எல்லாம் நேராகப் போய் நேராக வந்தன. அதன் பிறகு கடல் ஏறவும் இல்லை, பாதை நீளவும் இல்லை. பார்த்து முடித்த பிறகு யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் சொன்னார்கள்.

அந்த வாக்கை நம்பியே ஏறியவன் என்பதாலோ என்னவோ, தம்பி அப்படியே இருந்துவிட்டான். நான்கு பேர் பிடித்து இழுத்துத் தரையில் நிறுத்தினால், கையை விட்டதும் கூரைக்குப் போனான். டாக்டர் ஏணியில் ஏறிப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, உப்பை மட்டும் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். நட்டக்கா அவன் கட்டிலையும், கடையில் அவன் மேசையையும் கூரையில் முடுக்கிக் கொடுத்தாள். முதல் மாதம் அவள் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள், நிமிர்ந்தால் அழுகை வந்துவிடும் என்று. ஒருநாள் மேலிருந்து, உன் வகிட்டில் நரை விழுந்திருக்கிறது என்று அவன் சொல்ல, அவள் நிமிர்ந்து திட்டினாள். அதோடு அது தீர்ந்தது. வெளியே போகும்போது அவன் இடுப்புக்கும் அவள் இடுப்புக்கும் கயிறு கட்டிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் வானத்துக்குள் விழுந்துவிடுவான். கருவிப் பையோடு சேர்த்து அவள் அவனைவிடப் பதினொரு கிலோ அதிகம் என்பதால் பிரச்சினை இல்லை. அவன் மேலே இழுத்ததில் எடை குறைந்து அவளுக்கு முழங்கால் வலி போயிற்று. மழை பெய்தால் அவன் காலுக்குக் குடை பிடித்தான். முதல் வருடம் தெருவில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வருடம் நாய்கள் குரைப்பதை நிறுத்தின. மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேருந்து ஏறினார்கள், நல்ல கூட்டம். அவள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இரண்டு டிக்கெட் கேட்டாள். நடத்துனர் கிழித்துக் கொடுத்துவிட்டு, தம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றார். "மேல இடம் இருக்கு."