ஒரு காசுக்குப் பதினைந்து நிமிடம்

காசு போடும் பெட்டியை என் வீட்டுக்காரர் பொருத்தி முடித்தபோது நான் ஒரு பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு தைத்துக்கொண்டிருந்தேன். "இந்தா, முதல் காசை நீயே போடு. உன் கை ராசியான கை" என்றார். ராசியாம் ராசி. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்ட கைக்கு ராசி வேறு ஒரு கேடா என்று முனகிக்கொண்டே எழுந்துபோய்ப் போட்டேன். உள்ளே எங்கோ 'டிக்' என்றது. திரையின் மூலையில் பதினைந்து என்று எழுந்த எண் விநாடி விநாடியாக இறங்கத் தொடங்கியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ ராக்கெட் விட்டவர் மாதிரி.

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோய், கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் என் துணி அலமாரியைப் பிரித்துப்போட்டு, அந்தப் பலகையில் இந்தக் கேம் பெட்டியைச் செய்தார். பழைய கம்ப்யூட்டர் திரை, கழித்துப்போட்ட லிஃப்டின் பொத்தான்கள், கைப்பிடிக்கு உடைந்த குடையின் பிடி. நன்றாகத்தான் செய்திருந்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நின்றது என் தையல் மெஷின் இருக்கிற முன்னறையில். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை டுமீல் டுமீல் என்று விமானத்தைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார். அளவு கொடுக்க வருகிறவர்கள் தங்கள் இடுப்பளவை உரக்கக் கத்திச் சொல்ல வேண்டிய நிலைமை. ஒருநாள் கத்தரியை மேஜையில் குத்தி வைத்து, அது இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் இந்தக் காசு ஏற்பாடு. லிஃப்டின் பழைய பித்தளைத் தகட்டை வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, பன்னிரண்டு வட்டக் காசுகள் செய்தார். பன்னிரண்டும் என் பொத்தான் டப்பாவில் இருக்கும். நான் பார்த்துக் கொடுத்தால்தான் ஆட்டம். ஒரு காசுக்குப் பதினைந்து நிமிடம்.

"நேரம் முடிஞ்சா ஆட்டமும் முடிஞ்சிடுமா?" என்று கேட்டேன்.

"அதெப்படி முடியும்? ஆளை நடுவழியில இறக்கிவிடறது எங்க தொழில்லயே கிடையாது. கரண்ட் போனா லிஃப்ட் நின்ன இடத்துலயே பிரேக் பிடிச்சு நிக்கணும், வந்ததும் அங்கேருந்துதான் கிளம்பணும். இதுவும் அப்படித்தான். காசு தீர்ந்தா அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். அடுத்த காசு விழுந்தா விட்ட இடத்துலேருந்து போகும்."

கடைகளில் இருக்கும் பெட்டிகள் நேரம் முடிந்தால் போய் வா என்று சொல்லி அணைந்துவிடும். அவற்றைச் செய்தவர்கள் யாரும் லிஃப்ட் மெக்கானிக் இல்லை.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது; நேரம் தீரும் முன்பே அவர் அடுத்த காசைக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவார், இல்லையென்றால் கைப்பிடியை விட்டு எழுந்துவிடுவார். எட்டாம் நாள், நான் ஒரு திரைச்சீலைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தபோது அவர் விளையாடிக்கொண்டே, "ஏய், சாயந்தரம் வெளியே போறப்ப மறக்காம அந்த" என்றார். நின்றுவிட்டார். திரை மங்கியது. காசு தீர்ந்துவிட்டது, கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டேன். "என்னங்க, காது கேக்கலையா?" என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்து நடந்தது, தசை துடிக்கவில்லை. மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. உடம்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டரைக் கூப்பிடுவதா, பக்கத்து வீட்டுக்கு ஓடுவதா? ஒன்றும் ஓடாமல் பொத்தான் டப்பாவைத் திறந்து ஒரு காசை எடுத்துப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டிக்.

"கொடைக்கு ஒரு கம்பி வாங்கிட்டு வா" என்று சொல்லி முடித்தார் அவர். விமானம் பறந்தது. நடுவில் முக்கால் மணி நேரம் போயிருந்தது. நான் ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி பக்கத்தில் நிற்கிறேன் என்று கேட்டுச் சிரித்தார்.

டாக்டரிடம் அழைத்துப்போனேன். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இந்த வயதில் இவ்வளவு நல்ல உடம்பா என்று பாராட்டித்தான் அனுப்பினார்கள். நான் கண்டதை நான் சொல்லவில்லை. மயக்கம் மாதிரி வருகிறது என்று மட்டும் சொன்னேன். சொன்னால் என் தலையை அல்லவா படம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் எனக்கு ருசி கண்டுவிட்டது.

ஆமாம், ருசிதான். வேறு என்ன சொல்ல? கல்யாணமான நாளிலிருந்து அந்த முன்னறை அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. நேரம் தீர்ந்ததும் அடுத்த காசை உடனே போடாமல், கையிலிருக்கிற சட்டையை முடித்துவிட்டுப் போடலாம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் இரண்டு சட்டை. அப்புறம் ஒரு முழு மத்தியானம். சண்டை வரும்போல இருந்தால் நானாகவே ஒரு காசை எடுத்து நீட்டுவேன், "போய் ஆடுங்க, போங்க" என்று. பாவம், என் பெண்டாட்டிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சந்தோஷமாகப் போய் உட்காருவார். பதினைந்து நிமிடத்தில் சண்டை பாதி வார்த்தையில் நின்றுவிடும். சீருடை வாங்க வந்த டீச்சரம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எவ்ளோ பொறுமையா உக்காந்திருக்காருக்கா! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குதே" என்று பெருமூச்சு விட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தை விட வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நிம்மதியாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லை. நான் போனால் இவருக்கு யார் பொங்கிப்போடுவது, முழங்காலுக்கு யார் ஒத்தடம் கொடுப்பது? ஒரு காசைக் கொடுத்தேன். "வர்றப்ப எனக்கு ஷேவிங்" என்றபோது நேரம் தீர்ந்தது. சமைத்து வைக்க வேண்டியதில்லை, கதவைப் பூட்டினால் போதும். பெட்டிக்கு வருகிற கரண்டை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டுப் பூட்டினேன்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது போன் வந்தது. கிரீஸின் மனைவி. கிரீஸ் என்றால் இவரோடு அத்தனை வருஷமும் ஒரே லிஃப்ட் குழியில் இறங்கி வேலை செய்த கூட்டாளி. சட்டையில் எப்போதும் கறை, அதனால் அந்தப் பெயர். "அண்ணன் போனை எடுக்கவே மாட்டேங்குறாரு. இவருக்கு ரொம்ப முடியல அண்ணி. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அண்ணனைப் பாக்கணும்னு இவரு ஒரே பிடிவாதமா இருக்காரு. கொஞ்சம் சொல்றீங்களா?" என்றாள்.

"சொல்றேம்மா. இப்பவே சொல்றேன்" என்றேன்.

உடனே பஸ் பிடித்திருந்தால் மாலைக்குள் வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு காசு, அவ்வளவுதான். தங்கைக்குத் தையல் காயவில்லை, நாளைக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வீட்டைத் திறந்தபோது கிரீஸின் உடலை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இவர் குடைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோளில் தூசி. அதைத் துடைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் காசைப் போட்டேன்.

"பிளேடு வாங்கிட்டு வந்துடு" என்றார். முகம் அப்போதுதான் மழித்த மாதிரி வழுவழுவென்று இருந்தது.

நான் சொல்லவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? இவர் தேதி பார்க்கிற ஆளும் இல்லை. எதிர் வீட்டு வாசலில் இருந்த மணல் குவியலைக் காணோமே என்று மட்டும் கேட்டார். லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு முறை வாசல் மணி அடிக்கும்போதும் எனக்கு ஊசி கையில் குத்தியது.

கடைசியில் கிரீஸின் மனைவியே வந்துவிட்டாள். கிரீஸின் நாலு சட்டைகளை மகனுக்குச் சின்னதாக்கித் தரச் சொல்லிப் பையோடு வந்தாள். இவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமில்லண்ணே. மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டு கிடந்தாரு. அண்ணிகிட்ட போன்ல சொன்னேனே" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். என்ன, ஏது என்று அவளிடம் கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகும் வரை தலையை ஆட்டியபடியே இருந்தார். அப்புறம் எதிர் வீட்டு வாசலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள்?" என்றார் என்னிடம்.

"அஞ்சு."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குக் கணக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையே சொன்னேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கிரீஸின் ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலரில் இருந்த கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே தலையை விட்டுக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். அந்தக் கோளாறைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். இரண்டு முறை டீ கொண்டுபோய் வைத்தேன். இரண்டு முறையும் குடித்தார், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, "வா, வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். பெட்டியில் இரண்டாவதாக ஒரு கைப்பிடி முளைத்திருந்தது. பக்கத்தில் இரண்டாவது துளை. "ரெண்டு பேர் ஆடற மாதிரி பண்ணிட்டேன். அவங்கவங்களுக்குத் தனித்தனி நேரம். ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் இதைப் பிரிச்சு உன் அலமாரியைத் திரும்பக் கட்டிடறேன்" என்றார். பொத்தான் டப்பா அவர் மடியில் இருந்தது.

நான் முட்டாள் இல்லை. அது என்னவென்று என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர் குரலைக் கேட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. போய் உட்கார்ந்தேன். என் துளையில் ஒரு காசு போட்டார், அவர் துளையில் இரண்டு போட்டதையும் பார்த்தேன். எனக்கு விமானம் ஓட்டத் தெரியவில்லை, சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. "இடது பக்கம், இடது பக்கம்" என்று அவர் சொல்லிக்கொடுத்தார். பழைய மாதிரி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? "என்னங்க, நான் பண்ணது தப்புதான். மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயே வரல. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அன்னைக்கு நான்

வந்துட்டுத்தாங்க திரும்பிப் போனேன்" என்று முடித்தேன்.

என் பக்கத்து நாற்காலியில் அவர் இல்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை காசுத் துளையை விட்டு விலகிப் போனது. உட்கார்ந்தபோது காலை வெயில் வாசல் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இப்போது எதிர்ச் சுவரில் சிவப்பாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் வெள்ளைத் தாடி, விரல்கடைக்கு மேல். நான் பார்த்தே இராத ஒரு கண்ணாடி போட்டிருந்தார்.

"சொல்லு. என்ன சொன்னே?" என்றார், ரொம்ப மெதுவாக.

நான் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. "யாராவது வந்தாங்களா? என் தங்கச்சி போன் பண்ணாளா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்தால் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் தோளுக்கு மேலே, தைத்து முடித்த துணிகளை நான் மாட்டி வைக்கும் கம்பி தெரிந்தது. ஒரு துணிகூட இல்லை. வெறும் ஹேங்கர்கள் மட்டும் ஃபேன் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.