காயாத மொட்டைக் கடிதாசி

குடிநீர் அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடிதாசி ஒன்றின் மை பதினோரு வருடமாகியும் காயவில்லை. ஒற்றுத்தாள் கட்டுக்கட்டாகத் தீர்ந்த பிறகு, பியூன் கோப்பு அலமாரிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார். வாரத்துக்கு அரை டின் சேர்ந்தது. நல்ல கருநீல மை.

எழுதியது யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. அலுவலகமே பால்பாயிண்டுக்கு மாறி வெகுகாலமாகியும், விடுப்புச் சீட்டுக்குக்கூட மைப்பேனாவைத் திறப்பவர் மூத்த எழுத்தர் ஒருவர்தான். தன்னைத் தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் கோணல்மாணலாக எழுதியவருக்குப் பேனாவை மாற்றத் தோன்றவில்லை.

டைப்பிஸ்ட் அம்மாள் தினமும் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார் என்பது புகார். உண்மைதான். படுத்த படுக்கையாயிருந்த கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நாலு மணிக்குத் திரும்புவார். எழுத்தர் உட்பட எல்லோரும் அதற்கு உடந்தை. ஆனால் தலைமை எழுத்தர் பதவிக்கு அந்த அம்மாள் பெயர்தான் முதலில் இருந்தது. புகார் வந்த மாதமே அவரை ஒரு ராத்திரி ரயில் தூரத்துக்குத் தூக்கியடித்தார்கள். பதவி எழுத்தருக்குக் கிடைத்தது. கணவரைக் கட்டிலோடு லாரியில் ஏற்றியபோது கயிறு கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"நீங்களாவது வந்தீங்களே சார்" என்றார் அந்த அம்மாள். ஆறு மாதத்தில் கணவர் இறந்த செய்தி வந்தது.

கடிதாசியைத் தொட்டவர்கள் எல்லாம் விரலைப் பார்த்துவிட்டு எழுத்தரின் சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் அவரைக் கொன்றது. பால்பாயிண்டுக்கு மாறினால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். மாறாவிட்டால் தினமும் மூடி திறக்கும்போதெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி, "ஏங்க, சோத்துல கை வைக்கக்கூட ஏன் இப்படிக் கூசுறீங்க?" என்று கேட்டார். விரலில் மை என்றார்.

பன்னிரண்டாம் வருடம் டைப்பிஸ்ட் அம்மாள் அந்த அலுவலகத்துக்கே மேலாளராக வந்தார். முதல் நாளே அலமாரியைத் திறந்து, கடிதாசியை ஒரு தட்டில் ஏந்தி, எழுத்தரின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"படிச்சிட்டேன். கீழ கையெழுத்து இல்ல சார்."

எழுத்தர் எழுந்து நின்றார். தட்டச்சு ஓசை நின்றது. எல்லோரும் பார்க்க, வலது கையால் முழுப் பெயரையும் எழுதினார்.

"மேடம், இனிமே காஞ்சிடுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க எழுதினது."

காயவில்லை. மறுநாளிலிருந்து பியூனை விலக்கிவிட்டு எழுத்தரே டின்னைக் காலிசெய்து, வடிகட்டி, புட்டிகளில் நிரப்பினார். வீணாகப் போவானேன் என்று ஒவ்வொருவராக மைப்பேனா வாங்கிக்கொண்டார்கள். மை வாங்கத் தேவையில்லை என்று ஆண்டுப் பட்டியலில் எழுதி அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து காரணம் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து எழுத்தருக்கு ஓய்வு ஆணை வந்தபோது, மேலாளர் அம்மாள் தன் பேனாவில் அதே மையை நிரப்பிக் கையெழுத்திட்டார். அது உடனே காய்ந்தது. ஆணையை மடித்து அவரிடம் கொடுத்தார்.