ஜாயின்ட் தெரியாத கால்

மூன்று பேர் பார்த்தோம். ஆறு கண். அந்த ஆறும் எங்கே போய்த் தொலைந்திருந்தன என்று யாராவது சொன்னால் தேவலை.

என் மகளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. லாரிக்காரன் ஒருவன் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை மாட்டி, அடியில் ரப்பர் பாதம் வைத்து அனுப்பினார்கள். நடக்கிறாள், நன்றாகவே நடக்கிறாள், ஆனால் வீட்டுக்குள் மட்டும்தான். வாசற்படியைத் தாண்டச் சொன்னால் முகம் கல்லாகிவிடும். ஓட்டலில் விருந்தாளிகளை அறைக்குக் கூட்டிப் போகிற வேலை பார்த்தவள். அங்கே முட்டி வரைக்கும்தான் பாவாடை, அதுதான் உடுப்பு. மேனேஜர் இத்தனை நாள் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று போனில் சொல்லிவிட்டார்.

"குழாய் தெரியப் போகமாட்டேன்பா. கால் மாதிரி ஒரு உறை பண்ணிக் குடுங்க, போறேன். இல்லாட்டி விட்டுடுங்க."

ஆஸ்பத்திரியிலும் உறை காட்டினான் ஒருத்தன். எனக்கு எவனையும் நம்ப வராது. சிரித்துச் சிரித்துப் பேசி விற்கிறவனைச் சுத்தமாக நம்ப வராது. எழுந்து வந்துவிட்டேன். நான் பைபர் வேலைக்காரன். தண்ணீர்த் தொட்டி, படகு, குளியல் தொட்டி என்று வாழ்நாள் பூராவும் அச்சுக்குள்ளேயே கிடந்தவன். ஒரு கெண்டைக்கால் என்ன பிரமாதம்?

பட்டறையில் என் கூட வேலை செய்கிறவன் என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அக்கா மகள் பாப்பா என்றால் உயிரை விடுவான். முதலாளி, பட்டறை ஓவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷர் என்று ஊரே சொல்கிறது. இப்போதைக்கு நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பாப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, இருக்கிற காலில் பிளாஸ்டர் போட்டு வடிவம் எடுத்தோம். அதன் மேல் பைபரில் அச்சு கட்டினோம், முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கி, உள்ளே பைபர் துணியைப் படுக்கவைத்து ரெசின் பசை தடவி, ஓவனில் வேகவைத்து, போல்ட்டைக் கழற்றினால் கால். சொல்லத்தான் சுலபம். இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் எப்படி இறுக்கினாலும் மயிரிழை இடுக்கு இருக்கும். ரெசின் அதற்குள் போனால் அச்சும் காலும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் வந்தாலும் கெண்டைக்கால் நெடுக மீன் முள் மாதிரி ஒரு கோடு நிற்கும். அதனால் அந்த இடுக்கை மெழுகால் அடைக்க வேண்டும். எந்த மெழுகு என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் கைகலப்பு வராத குறை.

"அத்தான், மெழுகுவத்தியை உருக்கி ஊத்திடுவோம்."

"ஓவன்ல நிக்குமாடா அது? உன் அக்கா தலையில ஊத்து."

"ஊத்தலாம். அப்புறம் ராத்திரிக்கு யார் வீட்டுல போய்ச் சாப்பிடுவீங்க?"

கடையிலிருந்து மூன்று தினுசு வாங்கி வந்தான். டப்பாவில் சூடு தாங்கும், எண்ணெய் கசியாது என்றெல்லாம் எழுதியிருக்கிறதாம், படித்துக் காட்டினான். எழுதினவன் யார்? விற்கிறவன். தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உடைந்த படகு அச்சிலிருந்து துண்டுகளை வெட்டி, இரண்டிரண்டாக போல்ட் போட்டு, ஒவ்வொரு இடுக்கிலும் ஒவ்வொரு மெழுகை அடைத்து, ஓவனில் சாய்த்து வைத்தேன்.

மெழுகுவர்த்தி ஓடிப்போய்த் தட்டில் குளம் கட்டி நின்றது. மச்சான் மேற்கூரையைப் பார்த்தான். பழுப்புக் கட்டி உருகவில்லை, ஆனால் ஆறினதும் சுருங்கி, பல் விழுந்த மாதிரி முழுசாகக் கழன்று கையில் வந்தது. பாலிஷ் மாதிரி இருந்த களிம்பைக் காகிதத்தில் தேய்த்தால் எண்ணெய்க் கறை. அதன் மேல் தடவின ரெசின் காயாமல் கடைசி வரைக்கும் பிசுபிசுவென்று கிடந்தது. மஞ்சள் குச்சி ஒன்று. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் வெண்ணெயாக இளகியது, அழுத்தின இடத்தில் அசையாமல் நின்றது, ஓவனைக் கொஞ்சம் தணித்து வைத்தால் உருகவும் இல்லை. காகிதத்தில் கறை இல்லை.

"இதுதான் அத்தான்!"

"பொறு. மேல மட்டும் நல்ல சரக்கு வச்சு ஏமாத்துவான்." குச்சியை நடுவில் உடைத்து, உள்பக்கத்தை எடுத்து மறுபடி வேகவைத்துப் பார்த்தேன்.

"உங்களுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா இப்படிப் பார்த்திருக்கணும்" என்றான்.

அச்சுக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லிக் கை அவனுக்குத்தான். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன். நகம் பட்ட கோடு காலில் வருமே! அவன் மெழுகைத் தடவ, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு, முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு... மூன்று பேரும் அந்த இடுக்கே கண்ணாக நின்றோம்.

திங்கட்கிழமை காலையில் போல்ட்டைக் கழற்றினோம். சுத்தியலே தேவைப்படவில்லை. தட்டினதும் பாதி தனியாக வந்தது. உள்ளே கால். விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன். கோடு இல்லை. ஜாயின்ட் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

பாப்பா ஓட்டல் உடுப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினாள், மேலே நீளமாக ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். பின்பக்கம் நெடுக்காகக் கீறி வைத்திருந்த உறையை விரித்துக் குழாயில் மாட்டினேன். "எழுந்திரு பாப்பா" என்றேன். எழுந்தாள். குனிந்து பார்த்தாள்.

நான் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

என்னவோ மாதிரி இருந்தது. கெண்டைச் சதை வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மச்சான் மண்டி போட்டு, "கொஞ்சம் திருப்பினா சரியாயிடும்" என்று திருப்பினான். முன்னெலும்பு பக்கவாட்டுக்குப் போனது. இன்னும் திருப்பினான். கெண்டைக்கால் முன்னால் வந்து நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான்... இது வலது காலு."

உறையையும் அவளுடைய நல்ல காலையும் மாறி மாறிப் பார்த்தேன். இருக்கிற கால் வலது. அதில் எடுத்தால் வலதுதானே வரும்! இதைத் தெரிந்துகொள்ள என்ன படிப்பு வேண்டும்? தொட்டிக்கு இடது ஏது, வலது ஏது? படகைக் குப்புறப் போட்டாலும் படகுதான். திருப்பிப் பார்க்கிற வேலையே எங்கள் கைக்கு வந்ததில்லை. இடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆஸ்பத்திரிக்காரர் சொன்னாருல்ல?" பாப்பாவின் குரல் எனக்குப் புதுசாக இருந்தது. "இந்தக் காலை அளவெடுத்து, கண்ணாடியில பார்க்கற மாதிரி மாத்தணும்னு. நீங்க அவரை வாயை மூடச் சொன்னீங்க."

"அவன் வியாபாரத்துக்குப் பேசறான்னு நினைச்சேன் பாப்பா..."

"நானும்தான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், பெரிய மகாராணி மாதிரி!"

முதலாளி மெதுவாக, "பினிஷிங் மட்டும் அருமைம்மா" என்றார். அந்த மனுஷரை அப்போது யாராவது அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன்.

பாப்பா உறையை உருவி என் கையில் கொடுத்தாள். எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுத்துவிட்டு விடுவிடுவென்று வாசலைத் தாண்டினாள். சுற்றி வந்த துணி ஸ்டூலிலேயே கிடந்தது. குழாய் வெயிலில் பளிச்சென்று அடிக்க, நடுத்தெருவில் போகிறாள் என் மகள். உறையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா அவள் காலையே பார்த்தாள். நான் பயந்தது இதற்குத்தான்.

"என்னக்கா பாக்கறீங்க?" என்று கத்தினாள் பாப்பா. "எங்கப்பாவும் எங்க மாமாவும் ராப்பகலா உக்காந்து எனக்கு இன்னொரு வலது கால் பண்ணி வச்சிருக்காங்க. வேணுமா உங்களுக்கு?"

அந்த அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். பாப்பா உட்காரவில்லை. பஸ் வந்தது. முன்வாசலில் அவள் ஏறினாள், பின்வாசலில் நான். திரும்பியே பார்க்கவில்லை.

ஓட்டலுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். கண்ணாடிக் கதவு, எல்லாம் தெரிந்தது. மேனேஜர் முதலில் அவள் காலைப் பார்த்தார், அப்புறம் முகத்தை. அவள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். அவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் பெட்டியோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. பாப்பா அந்தப் பெட்டியைப் பிடித்தாள், முன்னால் நடந்தாள், லிப்ட்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

போன் அடித்தது. மச்சான்.

"எங்க அத்தான் இருக்கீங்க? பாப்பா எங்க?"

"வேலைக்குப் போயிட்டா."

"போயிட்டாளா? எந்தக் காலோட?"

"குழாயோட."

போனைக் காதில் வைத்தபடி, மூடின லிப்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.