ஒரே ஒரு புகை

கல்லேந்தல்காரர்களிடம் வீரக்கதை கேட்டால் கத்தி, ஈட்டி, குதிரை எதுவும் வராது. அடுப்புதான் வரும். வெள்ளைக்காரக் கும்பினிப் படையோடு சண்டை போட்டுக் காயம்பட்டு வந்தவர்களை அந்த ஊர் தன் வீடுகளுக்குள் ஒளித்து வைத்திருந்ததாம். தேடி வந்த படை ஊரை ஒட்டிய பாறைமேல் ஏறிப் பார்த்தபோது ஒரு கூரையிலும் புகை இல்லை. சனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடிப்போய்விட்டார்கள் என்று நினைத்து, படை அப்படியே கல்வராயன் மலைப் பக்கம் திரும்பிவிட்டதாம். பட்டினி கிடந்தே ஒரு படையை ஏமாற்றிய ஊர் என்பதில் அவர்களுக்குக் கொள்ளைப் பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அதன் நினைவாக ஐப்பசிக் கடைசி வெள்ளியன்று பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. விறகு எரித்த காலத்தில் அது விரதம். இப்போது காஸ் அடுப்பும் கரண்ட் அடுப்பும் வந்துவிட்டன. உள்ளே ஆட்டுக்கறியே வெந்தாலும் வெளியே புகை தெரியப்போவதில்லை. பழைய சோறு சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டே பாதி ஊர் தியாகதுருகத்திலிருந்து பரோட்டா பார்சல் வாங்கி வந்துவிடும். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

விழாக்குழுத் தலைவர் சுப்புராயனுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதவர் மாதிரி இருக்கத் தெரிந்ததால்தான் அவர் தலைவர். பாறையடியில் அரசாங்கம் ஒரு நினைவுத் தூண் எழுப்ப வேண்டும் என்று கள்ளக்குறிச்சிக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த மனிதர். இந்த வருஷம் ஒரு வழியாக அது கூடி வரும்போல் இருந்தது. விரத வெள்ளியன்று பிற்பகல் ஒரு பெண் அதிகாரி வருவதாக ஏற்பாடு. பாறைமேல் நின்று, புகையில்லாத ஊரைத் தன் கண்ணால் பார்த்து அவர் எழுதும் அறிக்கையில்தான் தூண் உண்டா இல்லையா என்பது இருந்தது.

அன்று காலையில் ராஜாங்கம் செத்துப்போனார்.

ராஜாங்கம் சுப்புராயனின் தெருக்காரர், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. ரொம்ப நாளாக மூச்சிரைப்பு. மழைக்காலம் வந்தால் படாத பாடு படுவார். செய்தி கேட்டதும் சுப்புராயன் ஓடினார். குழுவின் செயலாளரான துணிக்கடை பக்கீர் முகமது அவருக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சுப்புராயனை ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னா பண்றது தலைவரே? மதியம் எடுத்தா, அந்தம்மா பாறை மேல நிக்கற நேரத்துக்கு சுடுகாட்டுல பொகை கெளம்பிடும்."

சுப்புராயனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"பிரீசர் பாக்ஸ் நான் வரவழைக்கறேன். நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். நீங்க அவங்க சம்சாரத்துகிட்ட பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

ராஜாங்கத்தின் மனைவி தைலம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுப்புராயன் பக்கத்தில் உட்கார்ந்து, மென்று விழுங்கி, விஷயத்தைச் சொன்னார்.

"ஒரே ஒரு நாளு பொறுத்துக்கினா போதும் தைலம்மா. ஊருக்காகத்தான்."

அவள் புருஷனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"ராவெல்லாம் மூச்சு வாங்கினு கெடந்தாருண்ணா. விடியக்காத்தால கொஞ்சம் வெந்நி குடுன்னாரு. எழுந்து அடுப்பாண்ட போனேன். அதுக்குள்ள அவரே கூப்ட்டு, இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியாதா, வோணாம் வுடுன்னுட்டாரு. பச்சத் தண்ணிதான் குடுத்தேன்."

சுப்புராயன் அதே விடியற்காலையில், மருமகள் கரண்ட் கெட்டிலில் போட்டுக் கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்திருந்தார். அடுப்பில்லை, புகையில்லை என்று வருஷா வருஷம் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு குடிப்பதுதான்.

"உசுரோட இருக்கச்ச நானு அவருக்கு நெருப்பு குடுக்கல. செத்த பெறகும் குடுக்காதன்றீங்களா? குளுருன்னாலே நடுங்குவாரே, ஐஸ் பொட்டியிலயா வெக்கச் சொல்றீங்க?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சுப்புராயனால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வாசலில் பக்கீர் முகமது போனும் கையுமாக நின்றிருந்தார். "இன்னா சொல்றாங்க?"

"மதியமே எடுக்கணும் பாய்."

"அப்ப தூணு?"

"எடுக்கணும்."

பக்கீர் முகமது அவர் முகத்தைப் பார்த்தார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிங்க. நான் போயி வெறகுக்குச் சொல்றேன்."

சுப்புராயன் பாடைக்குத் தோள் கொடுத்தார். ராஜாங்கத்தின் தம்பி மகன் கொள்ளி வைத்ததும், பம்புசெட்டில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு பாறை ஏறினார். மேலே அதிகாரி, போட்டோக்காரர்கள், குழுவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். மழை விட்டு வெளுத்திருந்த வானத்துக்குக் கீழே ஊர் சத்தமில்லாமல் கிடந்தது. ஏரிக்கரைச் சுடுகாட்டில் மட்டும் ஒரே ஒரு புகை, காற்றே இல்லாததால் நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

அதிகாரி தன்மையானவர்தான். "புகையே இருக்காதுன்னு மனுவுல எழுதியிருந்தீங்களே," என்று கையை நீட்டினார். "அது என்னங்க?"

குழுவிலேயே வயதில் சின்னவனான கலையரசன் முந்திக்கொண்டான். "அது எங்க ஊரு இல்ல மேடம். பக்கத்து ஊரு செங்கச் சூளை."

அதிகாரி தலையாட்டினார். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார். சும்மா இருந்திருந்தால் தூண் வந்திருக்கும். சும்மா இருந்துவிடலாம் என்று சுப்புராயனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கூட்டாளியைச் சூளை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது?

"சூளை இல்லைங்க," என்றார். "அது எங்க ராஜாங்கம். மூச்சு முட்டி சாவச்சயும், இன்னிக்கு அடுப்பு எரியக் கூடாதுன்னு வெந்நி வோணாம்னு சொல்லிட்டுப் போனவரு. இந்த நாள நெசமா கடைப்புடிச்சது ஊர்லயே அந்த ஒரு வூடுதாங்க. பொகை இல்லாத மத்த வூட்டையெல்லாம் நம்பாதீங்க. என் வூட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

கலையரசன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரியின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"தூணு வராட்டி போவுதுங்க," என்றார் சுப்புராயன். "எழுதறதா இருந்தா அவர் பேர எழுதிக்குங்க."