சிவப்புச் சீட்டு

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது சென்னீர்குப்பம் 'சமாதான நிழல்' முதியோர் இல்லத்து விதி. விதி தவறிவிடக் கூடாதே என்று மேனேஜர் கிறிஸ்துராஜ், மாதம் பிறந்ததுமே தலைமாட்டு அட்டையில் எல்லா நாளுக்கும் 'புரட்டப்பட்டது' என்று எழுதி முடித்துவிடுவார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரி முப்பதாம் தேதிகூட துலுக்கானம் புரட்டப்பட்டிருந்தார்.

துலுக்கானம் பூந்தமல்லியில் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் புண். வலி தெரியாது, வாடை தெரியும். "எலி செத்துக் கெடக்குது போல, பாரு அண்ணாத்தே" என்பார் பக்கத்துக் கட்டில் கஜபதியிடம். கஜபதி குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்வார். இந்த வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் ஆள் தேறாது என்பது அவருக்குத் தெரியும். மேனேஜரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. "ஜெபம் பண்றோம் பெரியவரே" என்று மூன்று முறையும் பதில் வந்தது.

கஜபதி ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். பழுதான உருப்படியில் அவர் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டால், எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால் மேலிடத்து அதிகாரி இல்லத்தைப் பார்வையிட வந்த அன்று காலை, ஒரு கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு அட்டையைக் கிழித்து எழுதினார்: 'பழுது: இடுப்பில் புண். பரிகாரம்: ஆஸ்பத்திரி. பார்த்தவர்: கஜபதி.' அதைத் துலுக்கானத்தின் கட்டிலில் கட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, என்னை ஏலம் உடுறியா?"

"சும்மா கெட. சாயங்காலம் வண்டி வரும். ஆஸ்பத்திரில இருப்ப."

"அங்க பன்னு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப நல்லா இறுக்கிக் கட்டு."

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். சீட்டைக் கண்டதும் நின்றார். கஜபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இது என்ன?"

"தனிக் கவனம் தேவைப்படறவங்களுக்கு சார்" என்றார் கிறிஸ்துராஜ், கண் இமைக்காமல். "எங்க புது ஏற்பாடு."

"சபாஷ். வேற எங்கயும் இதைப் பாக்கலியே!" அதிகாரி குறித்துக்கொண்டார்.

"சீட்டை மட்டும் பாத்தா எப்பிடி சார்? உருப்படியப் பாருங்க" என்று கஜபதி எழுந்தார். "ஞானசௌந்தரி, ஒரு கை குடும்மா."

ஆயா ஞானசௌந்தரி மேனேஜர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கஜபதியே போர்வையை இழுத்து, மூச்சு வாங்க, துலுக்கானத்தைப் பாதி புரட்டினார்.

அதிகாரி பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"காத்தோட்டம் பத்தாது போலருக்கே. ஊதுவத்தி கொளுத்தி வைக்கலாமே?"

"உடனே சார்."

திருவேற்காட்டுக் கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று அதிகாரி கிளம்பினார். விரிசலைக் கவனிக்காமல் விட்ட இன்ஸ்பெக்டர்களைக் கஜபதி பார்த்திருக்கிறார். விரிசலைப் பார்த்துவிட்டு அதற்குப் பூச்சூட்டச் சொன்னவரை அன்றுதான் பார்த்தார்.

இந்த இல்லத்தில் சொன்ன சொல்லுக்கு மரியாதை உண்டு. சாயங்காலத்துக்குள் குமணன்சாவடிக் கடையிலிருந்து ஊதுவத்தி வந்துவிட்டது, பத்துக் கட்டு. துலுக்கானத்தின் கட்டிலைச் சுற்றிலும் ஞானசௌந்தரி ஏற்றி வைத்தாள். கஜபதி பக்கம் திரும்பவேயில்லை.

புகை சூழ்ந்தது. துலுக்கானம் கண்ணை மூடி இழுத்து மோந்தார்.

"அண்ணாத்தே, நான் பூட்டேனா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வண்டி எப்ப வரும்?"

"வரும்" என்றார் கஜபதி, அவர் முகத்தைப் பார்க்காமல்.