காட்டுக்குக் கொண்டுபோன காலிக் கேன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்வீட்டுப் பாண்டிசெல்வியுடையது. நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். கல்யாணமாகி வந்து சேர்ந்ததும் ஒரே தெரு, மடவார் வளாகம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏறி வந்தவள் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "நீதான் கதை எழுதுதவளாச்சே. இத எழுதி, முடிவு என்னன்னு சொல்லு. வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்" என்றாள்.

எந்தப் பத்திரிகையும் எனக்கு இப்படிக் கெடு வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை அவள் தன் கணவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நான் எழுதித் தர வேண்டுமாம்.

2

முதல் தொடக்கம்:

கடல் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் உப்பு யோகேஸ்வரியின் உதட்டில்

இதை அப்படியே விட்டுவிட்டேன். யோகேஸ்வரி என்று பெயர் மாற்றியதுமே அவள் அழகாக யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நிஜத்தில் கடலோரத்துக்குப் போனவளோ ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போனவள். பெயர் பாண்டிசெல்வியாகவே இருக்கட்டும். [சம்மதம் வாங்கிவிட்டேன். "அவிய பேரையும் போடு. அவிய கதையெல்லாம் படிக்க மாட்டாக" என்றாள்.]

அவிய என்பது ராஜரத்தினம். பட்டாளத்தில் இருந்தவர். வருஷத்துக்கு ஒரு லீவில் வருவார், கறிச்சோறு சாப்பிடுவார், கண் கலங்காமல் ரயில் ஏறுவார். இப்போது ஓய்வுபெற்று இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறார். அதாவது, மசாலா டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்துகிறார். அவள் மூடிவிட்டு வந்த குழாயை எழுந்துபோய் இன்னொரு தடவை மூடுகிறார். அவர் வாயில் கேள்வி வராது, உத்தரவுதான் வரும். பிள்ளையை வளர்த்து, மாமியாரைப் பார்த்து, ஓடு மாற்றி, ஒற்றை ஆளாக ஓட்டிய வீட்டில் அவள் இப்போது கேட்டுக் கேட்டு நடக்கிறாள்.

இந்த நிலையில்தான் அவருக்கு ஒரு வேலை வந்தது. கிழக்கே ஒரு கடலோர வனப்பூங்காவில் ஒப்பந்தக் காவல். தங்க ஒரு கொட்டகை உண்டு. "போய்ப் பாத்துட்டு வருவோம், கெளம்பு" என்றார். உத்தரவு.

3

அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்லட்டி. ரோடு இல்ல, கடை இல்ல, போன்ல டவர் இல்ல. குட்டை குட்டையா முள்ளு உடைமரம். மணலு. பொறவு கடலு."

இதை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை பக்கம் எழுதுவாள்? பூங்கா என்றதும் ஊஞ்சலும் சிமெண்டு மானும் இருக்கும் என்று நினைத்துப் போனாளாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ராஜரத்தினம் கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் கொண்டுபோனார். காலிக் கேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். எங்களுக்குப் படாது. சதுரகிரி ஏறினாலும், அய்யனார் கோவில் காட்டுக்குப் போனாலும், பிளவக்கல் அணைக்கு மேலே போனாலும், தண்ணீர் சுமந்து ஏறுகிறவனைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். காடு என்றால் ஓடை. திரும்பும்போது மலைத்தண்ணீரைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். அதற்காகத்தான் காலிப் பாத்திரம். மேற்கே மலையைப் பார்த்தே வளர்ந்த ஆளுக்கு, ஓடையில்லாத காடு ஒன்று உண்டு என்று யார் சொல்வது?*

*பட்டாளத்தில் ராஜஸ்தான் பக்கம் இருந்தவராயிற்றே, இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். "அது பாலைவனம்லா. இத காடுன்னுல்ல சொன்னாக" என்றாள்.

4

புளிச்சோறு சாப்பிட்டது இன்னொரு தப்பு. அதற்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் கேனை ஆட்டிக்கொண்டு முன்னால் போனார், அந்த மரத்துக்கு அப்பால் இருக்கும், இந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் என்று. கடைசியில் மரங்களுக்கிடையே ஓடைபோல் தண்ணீர் தெரிந்தது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். துப்பினார். கடல் ஏறி நின்ற உப்புத்தண்ணீர்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளைத் திட்டுகிறார். ஒன்றில் பேசாமல் நடக்கிறார். ஒன்றில் கேனைக் கடலில் வீசி

மூன்றும் நன்றாகவே வந்தன. மூன்றும் பொய். அவள் சொன்னது இதுதான்: மணலில் உட்கார்ந்தார். சிரித்தார். "தப்பா நெனச்சுட்டேன் செல்வி" என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

வெயில் முகத்தில் விழும்படி வந்த வழியே திரும்பலாம் என்றாள் அவள். அவள் முன்னால் நடக்க, அவர் காலிக் கேனோடு பின்னால் வந்தார். வரும்போதே கேட்டார். இங்கே என்கூட வந்து இருக்கிறாயா, நான் மட்டும் போகட்டுமா, இல்லை ஊரிலேயே கிடக்கட்டுமா? நீ எதைச் சொன்னாலும் சரி.

பஸ் நிற்கும் ஊருக்கு வந்து, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். சாயங்காலம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் சொன்னார்: "பைய எடது கையில பிடி. அப்படியில்ல, இப்படி."

5

நான் நம்பவில்லை. ஒரு வாய் உப்புத்தண்ணீர் ஒரு மனிதனை மாற்றும் என்று எழுதினால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதை அவளிடம் சொன்னேன்.

"மாறிட்டாகன்னு நான் சொன்னேனா? அங்க அப்படி இருந்தாக. இங்க இப்படி இருக்காக. நான் எங்க இருக்கணும்னுதான கேக்கேன்."

சரி. முடிவு ஒன்று: அவளும் போகிறாள். தண்ணீரில்லாத இடத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரோடு வாழ்கிறாள். முடிவு இரண்டு: அவர் மட்டும் போகிறார். டப்பாக்கள் அவளுடைய வரிசைக்குத் திரும்புகின்றன. முடிவு மூன்று: யாரும் போகவில்லை, குழாய் இரண்டு தடவை மூடப்படுகிறது.

இரண்டாவதை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. மாடியில் வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் துணிக்கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒன் கதையில புருசன்மாரெல்லாம் எங்கயாவது போயிருதாக" என்றாள். "இது ஒன் முடிவு. என்னுது எங்க?"

கோபத்தில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் கோபம். நானும் ஒரு வீட்டில் இருக்கிறேன். என் வீட்டிலும் ஒரு குழாய் இருக்கிறது. காலி வீட்டை எழுதும்போது மட்டும் என் கை ஏன் இத்தனை லேசாக ஓடுகிறது என்று நான் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. [இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். கதைக்குச் சம்பந்தமில்லாதது.]

6

இன்று வெள்ளிக்கிழமை. தெருக்குழாயில் காலையிலேயே தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பாண்டிசெல்வி அந்தக் கேனைக் கழுவி, குழாயடியில் வைத்திருக்கிறாள். ராஜரத்தினம் பக்கத்தில் நிற்கிறார். அவள் குனிந்தபடியே ஏதோ சொல்கிறாள். நீளமாக ஒன்றுமில்லை, இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். அவர் தலை அசைகிறது. ஆமாம் என்றா, சரி என்றா, இங்கிருந்து தெரியவில்லை.

அவரோடு காட்டுக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீராக இருக்கலாம். இருவருக்குமாக இருக்கலாம். அடுப்படிக்குப் போகும் வெறும் வெள்ளிக்கிழமைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

கேன் நிரம்பி வழிகிறது. அவள் குழாயை மூடுகிறாள். அவர் இன்னொரு தடவை மூடக் கையை நீட்டுகிறாரா, கேனைத் தூக்க நீட்டுகிறாரா

ஜன்னலைச் சாத்திவிட்டேன். கை நீண்டது வரைதான் நான் பார்த்தேன். மிச்சத்தை நீங்கள் பாருங்கள்; ஆனால் உங்கள் வீட்டுக் குழாயை வைத்துப் பார்க்காதீர்கள்.