பட்டை கழற்றிய வண்டி

முதுகுக்குப் பின்னால் வாசல் அடைத்த பெட்டிகள் எல்லாம் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு வருகின்றன, நேற்று அந்தியில் தேனீக்கள் கடைசி நடையும் முடித்து உள்ளே அடைந்தபிறகு ஒவ்வொரு வாசலிலும் நான்தான் பஞ்சு திணித்தேன், இப்போது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பிக்கப்பின் பின்னால் கயிற்றுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து அவை மலைக்கு வருகின்றன, ரப்பர் மரம் இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கிற மலைக்கு, அந்தத் துளிரின் காம்பில் தேன் கசிகிற இந்தச் சில வாரங்களுக்குத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்துக் கிடக்கிறேன், தலையைப் பின்பலகையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், கேட்பது தேனீயா எஞ்சினா, இரண்டும் ஒன்றாகிவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில், மற்ற நாளில் இதே வண்டியில் வாழைக்குலை லோடு அடிக்கிற என் வீட்டுக்காரர் வில்பிரட் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார், அவர் பாட்டுப் போடாமல் வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை, என்ன ஒரே அமைதி, என்று கேட்டேன், மிண்டாத, சும்மா இரி பிள்ளே, எனக்கே கையும் காலும் ஓடல்ல, என்றார், எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இந்த ஒரு பயணத்தில் தேனடைகள் அறுந்து விழுந்தால் நான் மறுபடி அண்டி ஆபீசுக்குப் போகவேண்டும், அது நானாகப் போட்ட சபதம், ஊரறியச் சொன்னது, பின்வாங்க முடியாது.

அண்டி ஆபீஸ் என்றால் எங்கள் பக்கத்து முந்திரி ஆலை, கொட்டையை உடைத்து உடைத்து அதன் எண்ணெய் பட்டு என் உள்ளங்கை கரிந்து தோலுரிந்துகொண்டே இருந்த காலம், வேலை முடிந்து வந்து சோறு பிசைந்தால் சோறே கசக்கும், அப்போதுதான் ஒருநாள் கொல்லைப்புற மாமரப் பொந்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கினேன், ஏன் இறக்கினேன் என்று எனக்கே தெரியாது, கை தானாகப் போனது, எரிந்துகொண்டிருந்த அந்தக் கையின்மேல் அவை ஊர்ந்தன, ஒன்றுகூடக் கொட்டவில்லை, அந்த ஒரு பெட்டி இரண்டாகி நாலாகி எண்ண எண்ணப் பெருகி, ஆலைக்கு நான் டாட்டா காட்டிவிட்டு வந்த நாள் எனக்குக் கல்யாண நாளைவிடப் பெரிய நாள், இதை வில்பிரட் முன்னாலேயே சொல்வேன், அவர் கோபித்துக்கொள்வதாகப் பாவனை செய்வார். போன வருஷமும் இதே வண்டியில்தான் இதே மலைக்கு வந்தோம், வண்டி ஒவ்வொரு குழிக்கும் விழுந்து, விழுந்த பிறகும் ஆடி, ஆடி அடங்குமுன் அடுத்த குழியில் விழுந்து, என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது, தோட்டத்தில் போய் மூடியைத் திறக்கிறேன், சட்டங்களில் அடை இல்லை, எல்லாம் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கிறது, தேனும் புழுவும் குழைந்த சேறு, நடுவில் நசுங்கிய ராணி, அவளைச் சுற்றிச் சுற்றி நடக்கிற வேலைக்காரத் தேனீக்கள், ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, மிச்சமிருந்தவை கொத்தாகக் கிளம்பி ஒரு ரப்பர் கிளையில் தொங்கின, நான் கீழே நின்று வா வா என்று கெஞ்சினேன், மதியத்துக்குள் அவையும் போய்விட்டன, வில்பிரட் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கொட்டிவிடுமாம், ரோடு சரியில்லாததுக்கு நான் என்ன செய்ய, என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார், அது பதில்தான், ஆனால் எனக்குப் போதவில்லை.

மிஞ்சியவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெட்டிகளை மறுபடி நிரப்ப ஒரு வருஷம் ஆயிற்று, இந்தத் தடவையும் விழுந்தா எல்லாத்தையும் வித்துட்டு அண்டி ஆபீசுக்கே போயிருவேன், என்று கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொன்ன கையோடு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவளும் நான்தான், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தக் குழாய், ஷாக் அப்சர்பர், அதன் உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து மண் ஒட்டிக் கிடந்தது, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டேன், ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது, இங்க பாருங்க, இது செத்துப் போச்சு, புதுசு மாத்துங்க, என்றேன், தேனீச்சிக்கு ஷாக்கு மாத்துன டிரைவர்னு ஊரே சிரிக்கும் பிள்ளே, என்றார், சிரிக்கட்டு, சிரிச்சா பல்லுக்கு நல்லது, என்றேன், மறுநாளே ஆசீரின் பட்டறையில் வண்டி நின்றது, ஆசீருக்குத் தன் கைவேலைமேல் அப்படி ஒரு பெருமை, தானே தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்வார், இருக்கிறதிலேயே தடியான ஷாக்கா போடுதேன் மைனி, ஏத்தன் வாழைக்குலை லோடு வண்டிக்குப் போடுதது, பாறை மாதிரி நிக்கும், என்றார், பாறை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா, வரவில்லை, அந்தப் புது வண்ணத்தைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன், மஞ்சள் நிறத்தில் சின்னப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் போல மினுங்கியது. சோதித்துப் பார்க்கக் காலிப் பெட்டி ஒன்றில் புது அடை கட்டிய ஒரே ஒரு சட்டம் வைத்து, அதில் சர்க்கரைப்பாகு ஊற்றிக் கனம் ஏற்றி, வண்டியின் பின்னால் அதை அணைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன், போங்க, என்று தட்டினேன், ஆசீரும் பின்னால் ஏறிக்கொண்டார், வெற்றிவிழா போல, முதல் வேகத்தடையில் வண்டி என்னைத் தூக்கி எறிந்தது, இரண்டாவதில் ஆசீரையும் எறிந்தது, மூன்றாவதில் என் மடியெல்லாம் சர்க்கரைப்பாகு, அடை மூன்று துண்டு.

ஒரு டன்னு ஏத்திப் பாரு, தொட்டில் மாதிரி போவும், என்கிறார் வில்பிரட், எனக்க பெட்டி எல்லாத்தையும் கூட்டினாலும் ஒங்க குலை லோடுல கால்வாசி வருமா, காலி வண்டி மாதிரிதானே போவும், என்கிறேன் நான், ஆசீர் தலையைச் சொறிந்துகொண்டு வண்டிக்கு அடியில் பார்க்கிறார், பார்த்துவிட்டு வில்பிரட்டைப் பார்க்கிறார், ஷாக்க மாத்தித் தாரேன், மெதுவா அமுங்குததா போடுதேன், ஆனா கூடுதலா ஒரு பட்டை சேத்து வச்சிருக்கிய பாத்தியளா, அது கெடக்க வரை எதைப் போட்டாலும் தூக்கித்தான் அடிக்கும், என்கிறார் மெதுவான குரலில், சாவு வீட்டில் பேசுகிற குரல், ஏனென்றால் அது என்ன பட்டை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், சக்கரத்துக்கு மேலே அடுக்காக வளைந்திருக்கிற ஸ்பிரிங் பட்டைகளோடு கூட ஒன்று சேர்த்தால் வண்டி இன்னும் கொஞ்சம் சுமக்கும், எங்கள் லோடு வண்டி ஸ்டாண்டில் ஒரு டிரைவரின் மதிப்பு அதில்தான், புதிதாக யார் வண்டி வந்து நின்றாலும் முதலில் குனிந்து பட்டையை எண்ணுவார்கள், அப்புறம்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள், சேர்த்தவன் உண்டு, கழற்றியவன் என்று ஒருவன் கிடையாது, கழற்றினால் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்பது போல. வில்பிரட் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார், பட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்டால் ஒரு வார்த்தை தடித்துவிடும், ஒருவேளை ஆலையில் இப்போதெல்லாம் கையுறை தருகிறார்களோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன், நினைத்ததுமே உள்ளங்கை எரிந்தது. பிறகு ஒரு காலை முற்றத்தில் இரும்பு மோதுகிற சத்தம், நான் வாசலுக்கு வருகிறேன், சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, அடியில் இரண்டு கால் மட்டும் தெரிகிறது, அந்தக் கால்களை எனக்குத் தெரியாதா, பக்கத்தில் மண்ணில் அந்தப் பட்டை கிடக்கிறது, இத்தனை வருஷச் சுமையில் நிமிர்ந்து போயிருந்தது, வளைவே இல்லை, இது இல்லாம ஏத்தங்குலைக்கு எப்படிப் போவிய, என்று கேட்டேன், அடியிலிருந்து குரல் வந்தது, பாதி லோடு ஏத்துவேன், ரெண்டு நடை அடிப்பேன், ஸ்டாண்டுல என்ன சொல்லுவாவ, என்றேன், என்னத்தையும் சொல்லிட்டுப் போட்டு, நீ அந்த ஸ்பானரை எடு. எடுத்துக் கொடுத்தேன், எனக்கு இந்த மனுஷனை அப்போது அவ்வளவு பிடித்தது, அவர் எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே வந்ததும் அதைச் சொல்லியும்விட்டேன், போ பிள்ளே, என்று மறுபடி அடியில் புகுந்துகொண்டார்.

மெதுவாக அமுங்குகிற ஷாக்கை ஆசீர் போட்டு முடித்ததும் பின்பக்கத்தை நான் அழுத்தி விட்டேன், அமுங்கியது, ஒருமுறை எழுந்தது, நின்றுவிட்டது, அவ்வளவுதான், மறுபடி அழுத்தினேன், நின்றது, மறுபடி, மறுபடி, விளையாட்டு கண்ட பிள்ளை மாதிரி, மைனி வண்டி வலிக்கும், விடுங்க, என்றார் ஆசீர், பாகு ஊற்றிய அடை அதே வேகத்தடைகளைக் கடந்தது, இரண்டு முறை கடந்தது, சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன், ஒரு கீறல் இல்லை, பட்டறையில் நின்ற எல்லோரும் கேட்கக் கூவினேன், ஆசீர் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு சட்டம் வேறு, உயிருள்ள பெட்டிகள் வேறு, அதுவும் போன வருஷம் வந்த அதே ரோட்டில், இதோ வருகிறோம், பாலம் இறக்கத்தில் இருக்கிற அந்தப் பள்ளங்கள் வரவேண்டும், அங்கேதான் போன தடவை எல்லாம் போனது, அதற்குள் தூங்கிவிடக்கூடாது, தூங்கவில்லை, நான் அண்டி ஆபீசில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறேன், கொட்டையை உடைக்கிறேன், உள்ளே பருப்பு இல்லை, ஒரு தேனீ சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வருகிறது, அடுத்த கொட்டையிலும் ஒன்று, எல்லோர் கொட்டையிலும், மேஸ்திரி கத்துகிறார், பெண்கள் எல்லோரும் சிரிக்கிறோம், ஆலை தரையை விட்டுக் கிளம்பி மிதக்கிறது, அணையின் தண்ணீர்மேல் போவது போல, அலை இருக்கிறது ஆனால் இடிக்கவில்லை, பள்ளம் வந்துச்சா, என்று யாரிடமோ கேட்கிறேன், வரும் வரும், உறங்கு, என்கிறது ஒரு குரல், அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

விழித்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது, சத்தமே இல்லை, ஓட்டுகிறவர் இருக்கையில் ஆள் இல்லை, முணுமுணுப்பு எங்கே, எல்லாம் போய்விட்டதா, கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன், எங்கும் செம்பு நிறத்தில் இளம் இலை, வெயில் அப்போதுதான் அதன்மேல் விழுகிறது, ரப்பர் மரங்களுக்கு அடியில் பெட்டிகள் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, யார் இறக்கியது, கடைசிப் பெட்டிக்கு முன்னால் வில்பிரட் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார், வெறுங்கையோடு, முகத்தில் வலை கூட இல்லாமல், பாலம் எப்ப கழிஞ்சு, என்று ஓடிக்கொண்டே கேட்டேன், அது எப்பவோ கழிஞ்சு, பள்ளம் எல்லாம் கழிஞ்சு, நீ குறட்டை விட்ட, ஒன்ன எழுப்ப மனசு வரல்ல, என்றார் திரும்பாமல், மூடியத் திறந்தியளா, என்றேன், இல்ல, எனக்குத் திறக்கப் பயமாட்டு இருக்கு, நீ திற, என்றார், சொல்லிக்கொண்டே விரல் பொறுக்காமல் வாசல் பஞ்சைப் பிடுங்கிவிட்டார், புகை போடாமல், தட்டிப் பார்க்காமல், எந்தத் தேன்காரனும் செய்யாத வேலை, இருங்க இருங்க என்று நான் கத்துவதற்குள் அவை குபுகுபுவென்று வெளியே வந்தன, வில்பிரட் துள்ளி எழுந்தார், கன்னத்தில் ஒன்று, காதில் ஒன்று, உதட்டில் ஒன்று, வேட்டியை மடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடுகிறார், அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, கொட்டுது பிள்ளே, கொட்டுது, என்று தோட்டமே கேட்கக் கூவினார், எல்லாத்துக்கும் உயிர் இருக்கு.